மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவர்: கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

வணக்கம். இன்று முதலில் ஒரு மகளின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய அப்பாவுக்கு 79 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். நிமோனியாவுக்காகப் பத்து நாட்களாக மருத்துவமனையில் இருக்கிறார். நாளை மறுநாள் டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டார்கள். ‘சளி குறைந்துவிட்டது, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மருத்துவர். ஆனால் அப்பா கட்டிலைவிட்டு எழுந்து நிற்கவே தடுமாறுகிறார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். என்ன ஏற்பாடு செய்ய வேண்டும், எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டும், எதுவும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார்.

உங்கள் பயம் நியாயமானது, சகோதரி. நோய் குணமாவது வேறு, ஆள் தேறுவது வேறு. மருத்துவர் சொல்வது முதலாவதை. நீங்கள் கண்ணால் பார்ப்பது இரண்டாவதை. இரண்டுமே உண்மைதான்.

அமெரிக்க இதயநோய் மருத்துவர் ஹார்லன் கிரம்ஹோல்ஸ் 2013ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதியவர்கள் மீண்டும் அனுமதிக்கப்படும்போது, பெரும்பாலும் அது பழைய நோய்க்காக இருப்பதில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். நிமோனியாவுக்காக வந்தவர் கீழே விழுந்து வருவார், அல்லது வேறொரு தொற்றோடு வருவார். காரணம், மருத்துவமனை வாசமே உடம்பை உலுக்கிவிடுகிறது. இரவில் தூக்கம் கலைகிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை. நாள் முழுவதும் படுக்கை. வலி, புது மருந்துகள், பழக்கமில்லாத சூழல். நோய் போன பிறகும் இவற்றின் பாதிப்பு சில வாரங்கள் நீடிக்கிறது.

கால்களின் பலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். அந்தப் பத்து நாட்களில் அவர்கள் கால்களில் மட்டும் சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்களுக்கே இப்படியென்றால், காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பத்து நாட்கள் கிடந்த உங்கள் அப்பா எழுந்து நிற்கத் தடுமாறுவதில் வியப்பில்லை. இது சோம்பலும் இல்லை, மனத்தளர்ச்சி மட்டுமும் இல்லை.

இனி, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். உங்களிடம் இன்னும் இரண்டு நாட்கள் இருக்கின்றன. அது பெரிய வாய்ப்பு. இதுவரை நாலைந்து செவிலியர்கள் முறைபோட்டுப் பார்த்த வேலையை இனி நீங்களும் அம்மாவும் பார்க்கப்போகிறீர்கள். அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கிளம்பும் நேரத்தில் பில் கட்டுவது, வண்டி பிடிப்பது என்ற பரபரப்புக்கு நடுவே யாரோ ஒருவர் இரண்டு நிமிடத்தில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு புறப்படக் கூடாது. நாளைக்கே அரை மணி நேரம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

முதலில் மருந்து. நான் பார்த்தவரையில், வீடு திரும்பிய முதியவர்களுக்கு வரும் சிக்கல்களில் மிகவும் தவிர்க்கக்கூடியது இதுதான். குடும்பங்கள் மிகக் குறைவாகக் கேள்வி கேட்பதும் இதைப் பற்றித்தான்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுவந்த எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை, சத்து மாத்திரை, கண் சொட்டு மருந்து எதையும் விட வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் மருந்துப் பட்டியலை அந்தப் பைக்குப் பக்கத்தில் வைத்து, மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இந்தப் பழைய மாத்திரை தொடர்கிறதா, நின்றுவிட்டதா, அளவு மாறியிருக்கிறதா? இந்தப் புதிய மாத்திரை எதற்கு, எந்தத் தேதி வரை? பட்டியலில் ஒரு பழைய மருந்து இல்லையென்றால், அதை நிறுத்திவிட்டார்களா, எழுத விட்டுப்போயிற்றா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தான் தெரியும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை ஏதோ ஒரு பரிசோதனைக்காக இரண்டு நாள் நிறுத்தியிருப்பார்கள். மறுபடி தொடங்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாமல் விட்டுவிடுவது நடக்கக்கூடியதுதான்.

இன்னொரு ஆபத்து, ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வந்துசேர்வது. மருத்துவமனையில் ஒரு கம்பெனியின் ரத்த அழுத்த மாத்திரை எழுதியிருப்பார்கள். வீட்டில் வேறொரு கம்பெனியின் பெயரில் அதே மருந்து இருக்கும். நிறமும் அட்டையும் வேறாக இருப்பதால் அப்பா இரண்டையும் சாப்பிட்டுவிடுவார். எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவார். அதனால் அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள். சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரை ஒப்பிடுங்கள். நிறுத்தச் சொன்னவற்றை அன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். ‘பிறகு உதவும்’ என்று அதே டப்பாவில் வைத்திருக்க வேண்டாம்.

உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். மருத்துவமனையில் ஸ்டீராய்டு கொடுத்தார்களா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் சர்க்கரை ஏறியிருக்கும், அதற்கேற்ப இன்சுலினையோ மாத்திரையையோ கூட்டியிருப்பார்கள். ஸ்டீராய்டை நிறுத்திய பிறகும் அந்தக் கூட்டிய அளவே தொடர்ந்தால், சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். ஸ்டீராய்டு கொடுக்கவில்லை என்றாலும், அவர் இப்போது சாப்பிடுவது முன்பு சாப்பிட்டதில் பாதியாக இருக்கலாம். ‘ஒரு வேளை சாப்பிடாவிட்டால் சர்க்கரை மருந்தை என்ன செய்வது? அளவு எவ்வளவுக்குக் கீழே போனால் உங்களைக் கூப்பிட வேண்டும்?’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வார்டில் தூக்க மாத்திரை தொடங்கியிருந்தால், அது வீட்டிலும் அவசியமா என்றும் கேளுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழும் முதியவரைத் தள்ளாட வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாம் கேட்டு முடித்த பிறகு, ‘நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள்’ என்று நீங்களே திருப்பிச் சொல்லிக்காட்டுங்கள். எங்கே குழப்பம் இருக்கிறது என்பது அப்போதுதான் வெளிவரும்.

அடுத்தது நடை. நாளைக்கு அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, கழிப்பறை வரை நடத்தி, உட்காரவைத்து, மறுபடி எழுப்பிக் கூட்டிவரச் சொல்லுங்கள். நீங்கள் கூடவே நின்று பார்க்க வேண்டும். அதற்கடுத்த முறை நீங்கள் செய்ய வேண்டும், பிசியோதெரபிஸ்டோ செவிலியரோ பார்க்க வேண்டும். வீட்டில் படிகள் இருந்தால் படியேறவும் இறங்கவும் அங்கேயே பழகுங்கள். ஏறும்போது பலமான கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். வாக்கர் கொடுத்தால் அவர் உயரத்துக்குப் பொருத்தித் தரச் சொல்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். இருவர் பிடித்தும் அவரால் நிற்க முடியவில்லை என்றால், ‘இந்த நிலையில் வீட்டில் எங்களால் சமாளிக்க முடியாது’ என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதில் எந்தத் தவறும் இல்லை. இன்னும் சில நாட்கள் வைத்துக்கொள்வதா, மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்புவதா, வீட்டுக்கு ஆள் அனுப்புவதா என்று அவர்கள் யோசிக்க வேண்டுமானால், உங்கள் நிலை அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறை, நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் மருத்துவர் மருந்தைத் திருத்த வேண்டியிருக்கலாம். எப்படியிருந்தாலும், படுக்கையிலிருந்து நேராக எழுந்து நடக்கவிடாதீர்கள். கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்து, பிறகு நின்று, தலை தெளிவாக இருந்தால் நடக்கட்டும்.

வீட்டில் பெரிய மாற்றங்களுக்கு அவசரமில்லை. கட்டிலிலிருந்து கழிப்பறை வரையுள்ள பாதையை மட்டும் இந்த இரண்டு நாட்களில் சரிசெய்துவிடுங்கள். தரைவிரிப்பு, மின்கம்பி, ஈரம் எதுவும் கூடாது. இரவு முழுவதும் சிறு விளக்கு எரியட்டும். கழிப்பறைச் சுவரில் திருகாணி போட்டு இறுக்கிய கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் ஆகியவை மருத்துவமனை மேசை இழுப்பறையில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். வீட்டுக்கு வந்ததும் பாசத்தால் நாம் முதலில் செய்வது, ‘எழுந்திருக்காதீர்கள் அப்பா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று படுக்கவைப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போன பலம் படுக்கையில் திரும்பாது. மூன்று வேளையும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். நாளில் பல முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்க நடக்கட்டும். சட்டைப் பொத்தானைப் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆனாலும் அவரே போட்டுக்கொள்ளட்டும். நிமோனியா வந்தவர் என்பதால், நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது சாயக் கூடாது. வாயையும் பல்லையும் தினமும் நன்றாகச் சுத்தம் செய்யுங்கள்; வாயில் பெருகும் கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்குவதை அது குறைக்கும். விழுங்கும்போது அடிக்கடி இருமினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உணவில் புரதம் போதுமான அளவு இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்கு அபாயம் வரும்போது அது எல்லோருக்கும் வருவதைப் போல வராது. தொற்று மறுபடி வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். அதற்குப் பதிலாகத் திடீரென்று குழம்புவார், பகலில் இல்லாதவர்களை இருப்பதாகச் சொல்வார், ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசிவிட்டு அடுத்த மணியில் உங்களையே யாரென்று கேட்பார். இதை ‘வயசாகிவிட்டது’ என்றோ ‘மறதி நோய் தொடங்கிவிட்டது’ என்றோ ஒதுக்கிவிட வேண்டாம். மணிக்கணக்கிலோ ஓரிரு நாட்களிலோ வரும் குழப்பத்துக்குப் பின்னால் தொற்று, மருந்து, நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் என்று ஏதாவது ஒரு காரணம் பெரும்பாலும் இருக்கும். கூச்சல் போடும் குழப்பத்தை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். சத்தமே இல்லாமல், சாப்பிடாமல், எப்போதும் தூங்கிவழிவதும் அதே குழப்பத்தின் இன்னொரு முகம். ‘பாவம், ஓய்வெடுக்கிறார்’ என்று விட்டுவிடுவதால் ஆபத்து அதிகம் இதில்தான். இப்படி எதையாவது பார்த்தால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மூச்சுத்திணறல் கூடுவது, உதடு நீலமாவது, நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுவது, எழுப்பினாலும் எழாமலிருப்பது ஆகியவற்றுக்குத் தொலைபேசி ஆலோசனையெல்லாம் கிடையாது, உடனே ஆம்புலன்ஸ்தான். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நீண்ட நாள் படுக்கையில் இருந்தவருக்கு அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். அதோடு திடீரென்று மூச்சும் வாங்கினால் அதுவும் ஆம்புலன்ஸ்தான்.

மறுபரிசோதனைத் தேதியைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். ‘தேவைப்பட்டால் வாருங்கள்’ என்பது தேதி ஆகாது. அமெரிக்காவில் மூத்தோர் மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்களை வைத்து 2009இல் வந்த ஓர் ஆய்வில், வீடு திரும்பியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 30 நாட்களுக்குள் மீண்டும் அனுமதிக்கப்பட்டார். அறுவைச் சிகிச்சை அல்லாத நோய்களுக்காக வந்து அப்படித் திரும்பியவர்களில் பாதிப் பேர் இடையில் எந்த மருத்துவரையும் பார்த்ததற்கான பதிவே இல்லை. முடிந்தால் முதல் வாரத்திலேயே அப்பாவை ஒரு மருத்துவர் பார்த்துவிட வேண்டும். வராத பரிசோதனை முடிவுகள் ஏதாவது இருக்கின்றனவா, அவை வந்தால் யார் உங்களுக்குச் சொல்வார்கள் என்றும் கேளுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் எந்த எண்ணை அழைப்பது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இவ்வளவு கேள்விகளையும் நாம் கேட்க முடியுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். கொலராடோவைச் சேர்ந்த எரிக் கோல்மன் என்ற முதியோர் நல மருத்துவரின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஒரு பயிற்சியாளர் நான்கு விஷயங்களைக் கற்றுக்கொடுத்தார்: மருந்துகளைத் தாங்களே சரிபார்ப்பது, தங்கள் மருத்துவக் குறிப்பைத் தாங்களே வைத்துக்கொள்வது, மறுபரிசோதனைக்குத் தவறாமல் போவது, அபாய அறிகுறிகளைத் தெரிந்துவைத்திருப்பது. அந்தப் பயிற்சி பெற்றவர்கள் மருத்துவமனைக்குத் திரும்புவது மற்றவர்களைவிடக் குறைந்தது. உங்களைப் போன்ற சாதாரணக் குடும்பத்தினர்தான் அதைச் செய்துகாட்டினார்கள்.

கடைசியாக, விடுப்பு எத்தனை நாள் என்று கேட்டீர்கள். முதல் வாரம் முழுவதும் நீங்கள் வீட்டில் இருப்பது நல்லது. அதற்குப் பிறகு நாட்களை எண்ண வேண்டாம். அப்பா யாரும் தூக்கிவிடாமல் எழுகிறாரா, கழிப்பறைக்குத் தானே போய் வருகிறாரா, தன் வேளைக்கான மாத்திரை எது என்று சரியாகச் சொல்கிறாரா, உங்களைத் தொலைபேசியில் அழைக்க அவரால் முடிகிறதா என்று பாருங்கள். இவை நடக்கும் வரை யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் அம்மாவாகவே இருக்கக் கூடாது. அவருக்கும் வயதாகிறது, அப்பா சரியும்போது தாங்கிப்பிடிக்கப் போனால் இருவரும் விழுவார்கள். இரவுகளை நீங்களும் இன்னொருவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். உறவினர்கள் ‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லாமல், வெள்ளிக்கிழமை இரவு வந்து தங்க முடியுமா என்று குறிப்பாகக் கேட்டுவிடுங்கள்.

அடுத்த கேள்விக்குப் போகலாம்.