இரட்டை அம்பு

நேயர்களுக்கு வணக்கம். இந்த வாரம் புதுச் செய்தி எதையும் நான் எடுத்து வரவில்லை. உங்கள் கைபேசியில் பல வருடங்களாக இருக்கிற ஒரு குறியைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியையே யாராவது நமக்குத் தள்ளிவிட்டால், அதன் தலைமாட்டில் வளைந்த அம்பு ஒன்று இருக்கும். சிலவற்றில் இரண்டு அம்பு. அந்த இரண்டாவது அம்பு எப்படி வந்தது?

கராச்சியில் எடுத்த ஒரு காணொளி. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் பைக்கில் வந்த இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். சற்று நேரத்தில் அதே பைக் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிடுகிறது. கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த எத்தனை நொடி போதும் பாருங்கள் என்று பெற்றோரை எச்சரிக்க ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த படம் அது. 2018இல் இந்தியாவில் அது சுற்றியபோது, குழந்தை திரும்பி வருகிற பகுதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். பொய்யாக ஒரு காட்சியைக்கூடச் சேர்க்கவில்லை. வாலை நறுக்கினார்கள், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஆடியோ, படம், காணொளி என்று பிள்ளை பிடிக்கிறவர்கள் கதை பல வடிவில் ஊர் ஊராகப் போனது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். சந்தேகப்பட்ட கூட்டம் அடித்ததில் இறந்துபோனார். ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் அதே மாதிரி கொல்லப்பட்டார்கள்.

அதற்கப்புறம்தான் வாட்ஸ்அப் நிறுவனம் அசைந்தது. அதே ஜூலையில் முதல் அம்பு வந்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் தள்ளிவிட முடியாது என்ற வரம்பும் வந்தது. 2019இல் அந்த வரம்பு உலகம் முழுக்கப் போனது, இரட்டை அம்பும் சேர்ந்தது. 2020 ஏப்ரலிலிருந்து இரட்டை அம்புச் செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம். அப்படிப்பட்ட செய்திகளின் போக்குவரத்து 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. அவர்கள் கணக்கு, அவர்கள் சொன்னது.

சரி, செய்தியைப் படிக்க முடியாது என்கிற நிறுவனம் அது எத்தனை கை மாறியது என்று எப்படி எண்ணுகிறது? அது எண்ணுவதில்லை. செய்தியோடு கூடவே ஒரு எண் பயணம் செய்கிறது. நீங்கள் தள்ளிவிடும்போது உங்கள் கைபேசியே அதில் ஒன்றைக் கூட்டிவிடும். ஐந்தைத் தொட்டால் இரண்டு அம்பு. எத்தனை கை என்பது தெரியும், முதல் கை யாருடையது என்பது தெரியாது. 2021இல் இந்திய அரசு கொண்டுவந்த விதிகள் கேட்டது அந்த முதல் கையைத்தான். அதை எதிர்த்து நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அனுப்புகிறவரையும் பெறுகிறவரையும் தவிர யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுகிற ரகசியக் குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போக வேண்டியிருக்கும் என்று 2024இல் அதன் வழக்கறிஞர் அங்கே சொன்னார். கொலைக்குக் காரணமான பொய்யைக் கிளப்பியவர் யார் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அதற்காக எல்லோர் கடிதத்திலும் அனுப்புநர் முகவரி எழுத வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கள் குடும்பக் குழுவில் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். இரட்டை அம்பு வந்தால் நம்பாதீர்கள் என்று போன பொங்கலுக்கு நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார். இப்போது அவரிடமிருந்து வரும் மூலிகை வைத்தியக் குறிப்புகளில் ஒரு அம்புகூட இருப்பதில்லை. என்ன பெரியம்மா, நீங்களே எழுதுகிறீர்களா என்று கேட்டேன். "இல்லப்பா, காப்பி பண்ணி ஒட்டிடறேன். அம்பு இருந்தா நீங்க யாரும் படிக்க மாட்டேங்கறீங்களே" என்றார்.