சும்மா ஒரு கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம். பெண்களுக்குச் சொத்துரிமை என்று பேச்செடுத்தாலே, "அதான் சட்டம் வந்துடுச்சே" என்பார்கள். வந்துவிட்டது, உண்மைதான். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் அது சட்டமாக 1989 வரை ஆனது. அதுவும் முன்பே கல்யாணமாகிப் போன மகள்களை விட்டுவிட்டது. மகனுக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று எந்தச் சட்டமும் கேட்டதில்லை. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. "அப்பா 2005-க்கு முன்பே இறந்துவிட்டாரே" என்ற வாதத்துக்கும் 2020-இல் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது: மகளுக்கு இந்த உரிமை பிறப்பிலேயே வருகிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவாகியோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினைகளைத் தொட முடியாது.

சரி, அப்புறம் ஏன் பட்டாவில் பெண் பெயர் இவ்வளவு குறைவு? வழக்கறிஞராக நான் அதிகம் பார்ப்பது விடுதலைப் பத்திரத்தைத்தான், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுக்கும் பத்திரம். அப்பாவின் காரியம் முடிந்த கையோடு அண்ணன் வண்டி வைத்துக் கூட்டிப்போவார். "சும்மா ஒரு கையெழுத்தும்மா." நகை போட்டோம், சீர் செய்தோம் என்று அம்மாவே கணக்குச் சொல்வார். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற பயம் வேறு.

இந்தச் சீர்க் கணக்கு ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. மேரி ராய் என்ற ஒரு பெண் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-இல்தான் அதிலிருந்து விடிவு வந்தது. இன்றைய இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் சீரைக் கழித்துக்கொண்டு பங்கு கொடு என்று எங்கேயும் இல்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை 1993-இல் ஏற்ற நாடு நம்முடையது. ஆனால் சார்பதிவாளர் முன்னால் பெண்ணே மனமுவந்து விட்டுக்கொடுக்கிறாள் என்றால் எந்த உடன்படிக்கை தடுக்கும்? அந்த "மனமுவந்து" எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கஷ்டப்படும் தம்பிக்கு அக்கா கொடுப்பது அவள் இஷ்டம். ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். பத்திரத்தின் நகலை முதலில் வீட்டுக்கு வாங்கி வந்து படியுங்கள். எந்த சர்வே எண், எவ்வளவு நிலம், இன்றைய மதிப்பு என்ன என்று கேளுங்கள். பதிவான பத்திரத்தை ரத்து செய்ய, ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அது தெரியவந்த நாளிலிருந்து மூன்றே ஆண்டுகள்தான் அவகாசம்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். வணக்கம்.