கல் தட்டும் காட்டில் புல்தான் வெள்ளாமை

(பெங்களூரு அல்சூரில் தமிழ் நண்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். இங்கிருந்து தும்கூரு, ஹிரியூர் வழியாகச் சள்ளகெரே போனவர்கள் கை தூக்குங்கள். சரி, நாலைந்து பேர் இருக்கிறீர்கள். ஜன்னல் வழியே பார்த்து, வெறும் பொட்டல் என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் பொட்டலைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கன்னடத்தில் அதைக் காவல் என்பார்கள். மைசூர் ஆட்சியாளர்கள் அம்ருத் மஹால் என்ற நாட்டு மாட்டினத்துக்காக ஒதுக்கிய மேய்ச்சல் நிலம். கோடைக்கு ஒரு காவல், மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று மந்தையை மாற்றி ஓட்டினார்கள். மேய்ந்த புல் மறுபடி தழைக்க அவகாசம் கிடைத்தது. 4 லட்சம் ஏக்கர் அளவுக்கு இருந்தவற்றில் இன்று ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

ஒரு பகுதி உழவுக்குப் போனது. நிலமில்லாத குடும்பம் இரண்டு ஏக்கர் கேட்டால் கூடாதென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை இருக்கும் மேட்டில் கடலை போட்டால் என்ன ஆகும்? புல்வேர் பிடித்து வைத்திருந்த மண் மழையோடு இறங்கி ஓடிவிடும். அப்புறம் ஆட்டுக்கு மேய்ச்சல் இல்லை. ஆடு போனால் கீழே உழவு நடக்கும் காட்டில் ஆட்டுப் பட்டி போட முடியாது, எரு கிடைக்காது. மேட்டை உழுததற்குப் பள்ளத்து வெள்ளாமை விலை கொடுக்கிறது.

மீட்கிறோம் என்று மரம் நடுவது இன்னொரு வருத்தம். வட கர்நாடகத்து ராணிபென்னூரில் வெளிமான் மேயும் புல்வெளியில் தைலமரம் நட்டார்கள். எதிரி வருவது தூரத்திலேயே தெரிந்தால்தான் அந்த மான் பிழைக்கும். அதற்குத் தோப்பு எதற்கு? சீனாவில் 1999-இல் தொடங்கிய மரம் நடும் பெருந்திட்டத்திலும், வறண்ட பகுதிகளில் நட்ட மரங்கள் மண்ணின் ஈரத்தைக் குடித்துத் தீர்த்தன.

நம் காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் காட்டைப் பாருங்கள். கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். புல் காய்ந்த நாளில் வெள்வேலங்காய் தீனியாகும். இத்தனைக்கும் அது பட்டா நிலம். உழ வேண்டாமென்று யாரும் தடுக்கவில்லை. மாட்டை நம்பிய குடியானவர் தாமாகவே புல்லுக்கு விட்ட நிலம் அது.

கர்நாடக வருவாய் விதிகளில் 100 மாடுகளுக்கு 12 ஹெக்டேர் கோமாளம், அதாவது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம், விட வேண்டும் என்று இருக்கிறது. இங்கே நிலம் வாங்கியவர்கள் உங்கள் பஞ்சாயத்தில் அந்தக் கணக்கைக் கேளுங்கள். ஊரில் மானாவாரிக் காடு உள்ளவர்கள் அடுத்த முறை போகும்போது கடப்பாரை போட்டுப் பாருங்கள். முழங்கால் ஆழம் மண் இருந்தால் தாராளமாக உழலாம். சாணிலேயே கல் தட்டினால் கொழுக்கட்டை விதையைத் தூவி, அது வேர் பிடிக்கும்வரை ஆடு மாட்டை உள்ளே விடாதீர்கள்.