குற்றமற்றதுபோல் தெரியும் குடல்

நேயர்களுக்கு வணக்கம். சாப்பிட்டவுடன் வயிற்றைப் பிசையும் வலி, சில நாள் வாந்தி, சில நாள் பேதி. இரண்டு வாரம் அடங்கியிருந்துவிட்டு மறுபடியும் கிளம்பும். ஸ்கேன் சரி, எண்டோஸ்கோபி சரி. மனக்கவலைதான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் அலைபவர்களில் வெகுசிலருக்கு இருப்பது இயோசினோபிலிக் இரைப்பைக் குடல் அழற்சி. 1937-லேயே மருத்துவ உலகில் பதிவான நோய்தான். அரிதானது என்பதால் எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

இயோசினோபில் என்பது வெள்ளணுக்களில் ஒருவகை. புழுக்களை எதிர்ப்பது அதன் வேலை. ஒவ்வாமையிலும் அதற்குப் பங்குண்டு. நோயெதிர்ப்பு தடம்புரண்டால் இவை திரண்டு வந்து குடல் சுவரையே புண்ணாக்குகின்றன. உட்சவ்வில் குவிந்தால் பேதியும் சத்துக்குறைவும், தசையில் குவிந்தால் குடல் தடித்து அடைப்பும், வெளியுறையில் குவிந்தால் வயிற்றில் நீர்க்கோப்பும் வரும்.

எண்டோஸ்கோபியில் குடல் பளபளவென்று குற்றமற்றதுபோல் தெரியலாம். நோயோ திட்டுத்திட்டாக இருக்கும். ஆகவே நன்றாகத் தெரியும் இடங்களிலிருந்தும் பல சதைத் துணுக்குகள் (பயாப்ஸி) எடுத்தே ஆக வேண்டும். ஒன்றிரண்டு எடுத்துவிட்டு நோய் இல்லை என்று முடிவுகட்டுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி. துணுக்கில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டாகப் பிரிந்த கருவைச் சுற்றிச் செந்நிறத் துகள்கள் அடைந்த இயோசினோபில் அணுக்கள் கூட்டமாகத் தெரியும். பெருங்குடலின் தொடக்கத்தில் இவை இயல்பாகவே மிகுதி. எந்தத் துணுக்கு எந்த இடத்தது என்று குறித்தனுப்பினால்தான் எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. தசையில் மட்டும் நோய் இருந்தால் இந்தத் துணுக்குகளிலும் அகப்படாமல் போகலாம். இரத்தத்தில் இயோசினோபில் இயல்பான அளவில் இருப்பதாலும் நோய் இல்லை என்றாகிவிடாது.

குடலில் இயோசினோபில் கூடுவதற்குப் புழுக்களும் காரணமாகும். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு புதிதல்ல. ஆகவே மலப் பரிசோதனை செய்யாமல், இந்நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கக் கூடாது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு உள்ளே இருந்தால், ஸ்டீராய்டு கொடுத்ததும் உடலெங்கும் பரவி உயிரையே பறிக்கக்கூடும். புழு இல்லை என்று உறுதியான பிறகு, அதே ஸ்டீராய்டு பெரும்பாலோருக்கு விரைவில் வலியைத் தணிக்கிறது. பால், கோதுமை, முட்டை போன்றவற்றை நிறுத்திப் பார்ப்பதும் சிலருக்குப் பலன் தரும். அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

உங்களுக்கு முன்பே பயாப்ஸி எடுத்திருக்கிறார்களா? அந்தத் துணுக்குகளை மெழுகுக் கட்டியில் பதித்துப் பரிசோதனைக்கூடங்கள் ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பது வழக்கம். அவற்றை வாங்கி, இயோசினோபில்களை எண்ணிச் சொல்லுமாறு கேட்கலாம்.