ஒரு சைட்டுல எத்தன பேருங்க?

சத்தம் கேக்குதா? மைக்குக்கு பஞ்சு உறை மாட்டியும் இந்த லட்சணம்தான். பின்னாடி நிக்குது பாருங்க, திருச்செங்கோட்டு போர் வண்டி. நேத்து ராத்திரி ஆரம்பிச்சது. 900 அடி தாண்டிருச்சாம், இன்னும் வெறும் புழுதிதான் பறக்குது. வீட்டுக்காரர் அந்த ஜல்லிக் குவியல் மேல உக்காந்து இறங்குற ராடை எண்ணிட்டிருக்காரு. அவர காட்ட மாட்டேன், பாவம், ராத்திரி முழுக்க தூங்கல.

நாம இருக்கிறது ஓசூர், பாகலூர் ரோட்ல இருந்து கொஞ்சம் உள்ள. நான் ஸ்கூல் படிக்கும்போது இது கேழ்வரகுக் கொல்லை, ஓரத்துல அவரை. இந்தப் பக்கம் ஒரு ரோஜா பாலிஹவுஸ் இருந்துச்சு, அதோட இரும்புக் கம்பி மட்டும் இன்னும் நிக்குது. இப்ப எல்லாம் சைட்டு. மத்த ஊர்ல பிளாட்டுன்னு சொல்லுவீங்க, எங்க ஊர்ல சைட்டு. பெங்களூர்க் காத்து அப்படி. 30-க்கு 40, 1,200 சதுர அடி.

போன வீடியோவுல ஒருத்தர் கேட்டிருந்தாரு, "கம்பெனி வருது, ஜனம் வருது, அதனால வீடு கட்டுறாங்க, இதுல என்னண்ணா தப்பு?"ன்னு. தப்பே இல்ல தம்பி. ஆனா நான் பாத்த வரைக்கும் வரிசை அப்படி இல்ல. முதல்ல சைட்டுக்கு எல்லைக் கல்லு வருது. அப்புறம் ஆர்ச்சு, நாலு தென்னங்கன்னு, ஒரு ஃபிளெக்ஸ். மனுஷங்க கடைசியாத்தான் வர்றாங்க. தண்ணி அதுக்கும் அப்புறம்.

2024 ஜூன்ல சட்டசபையில முதலமைச்சர் அறிவிச்சாரு, ஓசூர்ல 2,000 ஏக்கர்ல விமான நிலையம், வருஷத்துக்கு 3 கோடி பயணிங்க போற மாதிரி. அடுத்த வாரமே பேரிகை ரோட்ல போர்டு: "ஏர்போர்ட்டுக்கு 10 நிமிடம்". எந்த ஏர்போர்ட்டுய்யா? ஓடுபாதைக்கு ஒரு கல்லு நடல, சைட்டுக்கு நட்டு முடிச்சாச்சு.

சும்மா வர்ற கூட்டமும் இல்ல, அதையும் சொல்லணும். சிப்காட், அதான் அரசாங்கத் தொழிற்பேட்டை, வந்தது 70-கள்ல. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன்னு எங்க அப்பா தலைமுறை முழுக்க அதுலதான் சோறு தின்னுச்சு. இப்ப கெலமங்கலம் பக்கம் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி பக்கம் ஓலா ஸ்கூட்டர் கம்பெனி. வேலை இருக்கு, ஆள் வர்றாங்க.

எத்தன ஆளுன்னு கேளுங்க. 2001 கணக்கெடுப்புல ஓசூர் நகராட்சி 84 ஆயிரம் சொச்சம். 2011-ல 1 லட்சத்து 16 ஆயிரம் சொச்சம். அதுக்கப்புறம் மத்திகிரி, ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி எல்லாம் ஊருக்குள்ள சேந்து, 2019-ல மாநகராட்சியும் ஆயிடுச்சு. ஆனா தலைய எண்ணின கடைசி கணக்கு இன்னமும் 2011-தான். அடுத்தது 2027.

இப்ப இங்க வாங்க, இதைக் காட்டத்தான் கூப்பிட்டு வந்தேன். இந்த மாடிப்படி. கேமராவ கீழ இறக்குறேன், செருப்ப மட்டும் பாருங்க. ஒண்ணு, ரெண்டு... பதினாறு ஜோடி. ஆறு சேஃப்டி ஷூ, மிச்சம் ரப்பர் செருப்பு. மெதுவா பேசுறேன், மேல நைட் ஷிஃப்ட் பசங்க தூங்குறாங்க. பீகார், ஒடிசா, ரெண்டு பேர் நம்ம அரூர்ப் பசங்க. கீழ ஓனர் குடும்பம் நாலு பேரு. மேல நாலு போர்ஷன், போர்ஷனுக்கு நாலு பேரு. ஆக மொத்தம் 20 பேரு, ஒரே 1,200 சதுர அடியில. தண்ணி தேக்க ஒரு சம்ப், ஒரு செப்டிக் டேங்கு. லேஅவுட் மேப்புல இது ஒரு சைட்டு, அவ்வளவுதான். 60 சைட்டுன்னா நாம 60 குடும்பம்னு நினைக்கிறோம். இங்க அந்தக் கணக்கு ஒரு மாடி ஏறுறதுக்குள்ள உடைஞ்சு போச்சு.

ஓனரைத் திட்ட முடியுமா? லோன் போட்டுக் கட்டினாரு. வாடகை வந்தாத்தான் தவணை. நானா இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்.

எங்க வீட்டுக் கதை வேற. அப்பா 2013-ல ஒரு சைட்டு வாங்கினாரு, அப்ரூவல் இல்லாதது. "எல்லாம் ஆயிடும் சார்"னாங்க. 2016 செப்டம்பர் 9, அங்கீகாரம் இல்லாத மனைய பதிவு பண்ணக் கூடாதுன்னு உயர் நீதிமன்றம் நிறுத்திடுச்சு. தங்கச்சி கல்யாணத்துக்கு அதை வித்துடலாம்னு இருந்தோம். விக்க முடியல, வட்டிக்கு வாங்கினோம். 2017-ல வரன்முறைத் திட்டம் வந்ததும் பணம் கட்டி சரி பண்ணினோம். வித்தவரு போன் நம்பரையே மாத்திட்டாரு. மேப்புல 'பூங்கா'ன்னு பச்சையடிச்ச இடத்துல இன்னிக்கு ஒரு தகர ஷெட்டும் ரெண்டு எருமையும்.

அதனால பச்சை கலரைப் பாத்து அட்வான்ஸ் குடுக்காதீங்க. பட்டா, வில்லங்கம் பாக்குறது எல்லாருக்கும் தெரியும். ரோட்டையும் பூங்காவையும் உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் குடுத்தாச்சான்னு கேளுங்க, பத்திர நம்பரோட. குடுக்கலைன்னா நாளைக்கு ரோடு போடச் சொல்லி மனு எடுத்துட்டுப் போனா "அது தனியார் இடம்"னு திருப்பி அனுப்பிடுவாங்க. 8 மனைக்கு மேலன்னா ரெரா, அதான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், அவங்க குடுத்த பதிவு நம்பரும் இருக்கணும்.

சானமாவு காட்டுப் பக்கம் யானை வர்றத பத்தியும் பேசணும்னு நினைச்சேன், அது தனி வீடியோ. கேழ்வரகு முத்துற நேரத்துல வழக்கமா வர்ற வழியில இப்ப காம்பவுண்டு சுவரு இருக்கு, அதுக்கு யாரு சொல்றது...

ஒரு நிமிஷம். சத்தம் நின்னுடுச்சு, கவனிச்சீங்களா?

தண்ணி அடிச்சிருந்தா இந்நேரம் பசங்க கத்தியிருப்பாங்க. இல்ல... ராடைக் கழட்ட ஆரம்பிச்சுட்டாங்க. வீட்டுக்காரரும் எந்திரிச்சுட்டாரு. போன் எடுத்துட்டாரு, டேங்கருக்காத்தான் இருக்கும். இருங்க, ஆஃப் பண்ணிட்டு அவர்கிட்ட போயிட்டு வரேன்.