கேங்வே கட்டிய பிறகுதான் வேலை

வணக்கம் நேயர்களே. கப்பல்காரரைப் பேசக் கூப்பிட்டால் புயலையும் கடற்கொள்ளையரையும் பற்றித்தான் சொல்வார் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்டது கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் இருக்கிற இருபது முப்பது அடி நடைபாலத்தை. கேங்வே என்போம். டெக்கில் வேலை பார்த்த காலமெல்லாம் என் கண் அதன் மேல்தான். ஓய்வு பெற்ற பிறகும் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மாலத்தீவுக்குப் போகிற வெங்காயம், உருளைக்கிழங்கு, கட்டுமானப் பொருள்கள். கரையிலிருந்து தோணிக்கு ஒரு நீளப் பலகை போட்டிருப்பார்கள். கால் வழுக்காமல் இருக்கக் குறுக்கே ரீப்பர் கட்டை அடித்திருக்கும். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. மூட்டையோடு ஏறுகிறவருடைய காலைப் பாருங்கள். பலகை தாழ்ந்து எழுகிற வேகத்துக்கு முழங்கால் வளைந்து கொடுக்கும். ஒருவர் இறங்கிய பிறகே அடுத்தவர் ஏறுவார். இரண்டு பேர் ஒரே தாளத்தில் நடந்துவிட்டால் ஆட்டம் கூடிக்கொண்டே போய் ஆளையே தள்ளிவிடும். சரக்கு ஏற ஏறத் தோணி தாழும், பலகையின் சாய்வு மாறும். அதைக் கவனித்து யாராவது ஒருவர் பலகையை அவ்வப்போது இழுத்துச் சரிசெய்து போடுவார். நான் சொல்ல வந்தது அந்த ஆளைப் பற்றித்தான். பலகையைப் போட்டதோடு வேலை முடிவதில்லை.

பெரிய கப்பலில் இது இன்னும் மோசம். நடுத்தரமான ஒரு நிலக்கரிக் கப்பலில் அறுபத்தைந்து, எழுபது டன் இறக்கினால் கப்பல் ஒரு சென்டிமீட்டர் மேலே வரும். ஒரு நாளில் 20,000 டன் இறக்கினால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், மூன்று மீட்டர் ஏறிவிடும். இதோடு கடல் ஏற்றவற்றமும் சேரும். தூத்துக்குடியில் அது சுமார் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். குஜராத்தில் பாவ்நகர் பக்கம் போனால் பத்து மீட்டரை ஒட்டி வரும். கேங்வேயின் சாய்வு 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, கப்பலின் பக்கவாட்டில் இறக்குகிற படிக்கட்டு 55 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது பொது வழிகாட்டுதல். காலையில் சமமாகக் கிடந்த கேங்வே சாயங்காலம் அந்த அளவைத் தாண்டி நிற்கும். காலையில் கட்டியவரோ தூங்கப் போயிருப்பார்.

வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் இப்படித்தான் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தோம். நள்ளிரவு, தூறல். கரைக்குப் போன பயிற்சிப் பையன் திரும்பி வருகிறான். அலுமினியப் படியில் நிலக்கரித் தூள் சேறாகப் படிந்திருந்தது. பாதி ஏறியபோது கால் வழுக்கிவிட்டது. கைப்பிடிக் கயிற்றை எட்டிப் பிடித்தான். கயிறு தொய்வாக இருந்ததால் அப்படியே வெளிப்பக்கம் சாய்ந்தான். கீழே கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் இருட்டுத் தண்ணீர், கப்பல் கரையில் மோதாமல் தடுக்கிற ஃபெண்டரில் கப்பல் உரசுகிற சத்தம். அங்கே விழுந்தவரை எடுக்க இறங்குவதே உயிர்ப் பணயம். பையன் கேங்வேக்குக் கீழே கட்டியிருந்த வலையில் விழுந்தான். ஒரு ஷூ மட்டும் கீழே போனது. இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினோம்.

அந்த வலை சும்மா பிடித்துவிடவில்லை, நேயர்களே. கப்பல் ஏறினால் வலையும் இழுபட்டுக் கயிற்றுக் கட்டில் மாதிரி விறைத்துவிடும். விறைத்த வலை ஆளைத் தாங்காது, வெளியே எறிந்துவிடும். இல்லையென்றால் கட்டு அறுந்துவிடும். டெக் ஆட்களுக்குத் தலைவரான எங்கள் போசன் அன்று சாயங்காலம்தான் வலையின் கட்டுகளையெல்லாம் அவிழ்த்து, தொய்வு விட்டு மறுபடி கட்டியிருந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகச் செய்தார். கேங்வே கட்டியதோடு வேலை முடிவதில்லை என்று அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கேங்வேயின் கரை முனையில் இருக்கிற உருளையும் அப்படித்தான். கப்பல் முன்னும் பின்னும் நகரும்போது அதுவும் உருண்டு நகர வேண்டும். கிரேன் தண்டவாளத்தின் மேல் போய் நின்றுவிட்டால் கிரேன் வந்து கேங்வேயையே அடித்துப் போடும். 2010 முதல் கட்டப்படும் கப்பல்களுக்கு ஏறி இறங்கும் வசதி பற்றி, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸில் தனி விதியே இருக்கிறது. விதி நல்லதுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

பைலட் ஏணியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைலட் என்றால் கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவருகிறவர். கடலில் படகிலிருந்து கப்பலேறும் அவருக்குக் கயிற்றேணிதான் வழி. ஒன்பது மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தால் அது மட்டும் போதாது, கப்பலின் பக்கவாட்டுப் படிக்கட்டையும் சேர்த்து இறக்க வேண்டும். கயிற்றேணியின் கீழ்ப்படிகள் நான்கும் ரப்பராக இருக்கலாம். கயிறு உப்பிலும் வெயிலிலும் கிடந்து உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தாலும் வெளியே தெரியாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கப்பலில் இருந்தால், அடுத்த முறை போன் பேசும்போது சொல்லுங்கள்: ஏணியை இறக்கும் முன் முறுக்கை விரித்து உள்ளே பார்க்கட்டும்.

நன்றி, வணக்கம்.