வாய்க்காலை அடைக்கும் முன்

அவையோருக்கு வணக்கம்.

ஒராங்குட்டானுக்கு எதிரி யார் என்றால் வேட்டைக்காரர், செம்பனைத் தோட்டம் என்போம். போர்னியோ தீவில், இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தான் மாநிலத்தில் வாய்க்காலும் எதிரிதான். 1990களின் நடுவில், பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்க இந்தோனேசிய அரசு 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டியது. நெல் விளையவில்லை, நீர் வடிந்தது. பக்கத்துச் செபங்காவ் காட்டில் மரம் கடத்தியவர்களும் கட்டைகளை மிதக்கவிடச் சிறு வாய்க்கால்கள் தோண்டினார்கள்.

அங்கே தரை என்பது மண்ணல்ல. மக்காத இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த கரிச்சேறு, பல மீட்டர் ஆழம், பெரும்பங்கு தண்ணீர். வடிந்தால் மரம் பிடிமானம் இழந்து சாயும். தீப்பிடித்தால் தரைக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 2015இல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. ஏழெட்டு ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் ஒராங்குட்டான் இதை எப்படித் தாங்கும்?

அதனால் தடுப்பணை. வாய்க்காலின் குறுக்கே இரண்டு வரிசை மரக்கம்புகளை நெருக்கமாக அறைந்து, நடுவில் மண்மூட்டை அடுக்குவார்கள். ஒரே பெரிய அணை நிற்காது; கரிச்சேறு இலேசானது, நீர் அடியிலும் பக்கத்திலும் அரித்துப் புது வழி கண்டுவிடும். ஆகவே படிப்படியாகப் பல அணைகள், ஒன்றுக்கொன்று நீர்மட்ட வேறுபாடு கால் மீட்டர் அளவில். அணையின் இரு முனைகளும் கரைக்குள் நன்றாகப் புதைய வேண்டும். நம் ஏரிக்கு இருப்பதுபோல் கலிங்கு வேண்டும். நீருக்குள் மூழ்கிய கம்பு நிலைக்கும். காற்றுப் படும் பகுதிதான் முதலில் உளுத்துப்போகும்.

துளையிட்ட பிவிசி குழாயை இறக்கி நீர்மட்டம் அளக்கலாம். பயிர்செய்யும் கரிச்சேற்றிலேயே அது தரைக்கு 40 செ.மீ.க்குக் கீழே போகக் கூடாதென்பது அந்நாட்டு விதி. காட்டில் இன்னும் மேலே நிற்க வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் அணை உடைகிறது. உடைப்பது வெள்ளம் மட்டுமல்ல. மீனுக்கும் பிரம்புக்கும் ஜெலுத்துங் மரப்பாலுக்கும் ஊரார் படகில் போகும் வழி அந்த வாய்க்கால். வழியை மறித்தால் கம்பைப் பிடுங்கத்தான் செய்வார்கள். அதைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். எந்த வாய்க்கால் யாருக்கு, எந்த மாதத்தில் படகு போகும், எங்கே இழுத்துக் கடக்கும் சறுக்கல் வேண்டும் என்று அங்குள்ள பூர்வகுடிகளான தயாக் குடும்பங்களிடம் முதலில் கேட்க வேண்டும். இடமும் கூலியும் பராமரிப்பும் ஊர்க்கூட்டத்தில் முடிவாக வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் பெயர்ந்த மூட்டையை மாற்றப்போவது அவர்கள்தான். அதற்கான பணத்தைத் திட்டத்தின் முதல் ஆண்டிலேயே ஒதுக்குங்கள்.